எதில் வருகிறீர்கள்?

ஆபீசுக்கு எதில் வருகிறீர்கள் என்பது சாதாரணக் கேள்விதான், ஐயா. ஆனால் கேட்டுப் பாருங்கள், மனிதர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ.

எங்கள் கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்கும் பொறுப்பு என்னுடையது. கூரையில் சோலார் தகடு, மழைநீர்த் தொட்டி எல்லாம் முடிந்திருந்தன. ஊழியர்கள் வந்துபோகும் விதம்தான் பாக்கி. காரும் டீசல் வண்டியும் குறைந்தால் மதிப்பெண் கூடும். மேஜை மேஜையாகப் போய்க் கேட்டேன். காரில் வருகிறவர்கள் கூசாமல் பஸ் என்றார்கள். கணக்குப் பிரிவு மேலாளர் சைக்கிள் என்றார். அவர் உடம்புக்கு அந்தச் சைக்கிள்தான் பாவம். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பெரிய சம்பளக்காரர்களிடம் நான் கோபப்பட முடியுமா?

அவ்வளவு பொய் சொல்லியும் மதிப்பெண் போதவில்லை. துப்புரவுப் பெண்களை ஏற்றிவரும் பழைய டீசல் வேன் குறுக்கே நின்றது. அதை நிறுத்தினேன். நடந்து வந்தால் உடம்புக்கு நல்லது என்றும் எடுத்துச் சொன்னேன்.

அவர்களில் மூத்தவளைப் பெரியக்கா என்பார்கள். வாளியும் கையுமாக என் அறைக்கே வந்துவிட்டாள்.

"பைபாஸ் ரோட்டுல நடக்க ஓரமே இல்ல சார். லாரிக்காரன் எங்கள மனுஷியாவே பாக்க மாட்டான். நீங்க ஒரு நாள் நடந்து பாருங்க, தெரியும்."

"நான் பஸ்லதாம்மா வரேன்."

"ஏன் சார் பொய் சொல்றீங்க? பழைய குடோனுக்குப் பின்னால காரை விட்டுட்டு நடந்து வரீங்க. நாங்க பாத்துக்கிட்டுதான இருக்கோம். வேனை விடுங்க. இல்லன்னா சான்றிதழ் குடுக்க வர்றவங்ககிட்ட நானே சொல்றேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மன்னித்திருப்பேன்.

கார் வைத்திருப்பது குற்றமில்லை, ஐயா. எனக்கு முட்டிவலி. மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்றுதான் மறைத்தேன். யார் கண்ணிலும் படாமலிருக்க விடியும் முன்பே கிளம்புவேன். அந்நேரத்தில் ரோட்டில் இருப்பவர்கள் அந்தப் பெண்கள் மட்டும்தான்.

சான்றிதழ்க் குழு வரவேண்டிய அன்று நல்ல பனி. பெரியக்கா தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சம் பட்டதும் திரும்பினாள். என் கார் என்று தெரிந்துகொண்டாள். ஒதுங்கவும் செய்தாள், அதை நான் மறைக்க மாட்டேன். சாக்கடை விளிம்புவரை ஒதுங்கினாள். ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பியது நான்தான்.

இறங்கிப் பார்த்தேன். உயிர் இருந்தது. "ஆஸ்பத்திரிக்கு... சார்," என்றாள். அப்போதும் சார் போட்டுத்தான் பேசினாள். ஆஸ்பத்திரி ஒன்றும் தொலைவில் இல்லை. அவள் மூச்சு அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

பிறகு ஆபீசுக்குப் போய், குழுவினரை வாசலில் நின்று வரவேற்றேன். சான்றிதழும் கிடைத்தது. மற்றப் பெண்கள் உங்களைக் குடோனுக்குக் கூட்டிப்போய் உடைந்த முன்விளக்கைக் காட்டியிருக்காவிட்டால், அந்தச் சான்றிதழ் இன்னும் எங்கள் வரவேற்பறையில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

என்னை இரக்கமில்லாதவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அங்கே நின்ற நேரம் முழுக்க நான் எஞ்சினை அணைத்துத்தான் வைத்திருந்தேன்.