சுவர் ஓரத்து முட்டு

ஹலோ... அப்பா! எங்க இருக்கீங்க?... சைட்லயா? அது என்ன டமார் டமார்னு?... ஐயோ, பால்கனிக்கு அடியில குடுத்த முட்டெல்லாம் இன்னிக்கேவா பிரிக்கிறீங்க?... யாரு அடியில?... சித்தப்பாவா!

நிறுத்தச் சொல்லுங்கப்பா. முதல்ல நிறுத்தச் சொல்லுங்க... காலேஜ் இன்டர்வியூவா? அது கிடக்கட்டும்... சரி, சரி, சொல்றேன். சிவில் எதுக்குப் படிக்கணும்னு கேட்டாங்க. எங்கப்பா மேஸ்திரி, செங்கல் தூக்கியே வளந்தவ நான்னேன்... ஆமா, ஆமா, நெஞ்ச நிமித்திதான் சொன்னேன். அப்படின்னா பால்கனி முட்டுங்கள எந்தப் பக்கத்துல இருந்து பிரிப்பேன்னு ஒரு அம்மா கேட்டாங்க. நீங்க செய்யற மாதிரியே, சுவர் ஓரத்துல இருந்துன்னேன்...

தப்பாம்ப்பா! வெளிமுனையில ஆரம்பிச்சுதான் உள்ள வரணுமாம். கம்பியெல்லாம் மேல்பக்கந்தானே போட்டிருக்கு? சுவர் ஓரத்துல முதல்ல எடுத்தா நடுவுல தொங்கி முறிஞ்சிடும்னாங்க. வெளிய உக்காரு, கூப்பிடுறோம்னாங்க. உடனே உங்களுக்கு அடிச்சேன்...

இருபது வருஷமா இப்படித்தானா? அதெல்லாம் ரெண்டடி, மூணடி நீட்டுன பால்கனி. இது ஆறடிப்பா!... ஐயோ, நான் உங்களுக்குப் பாடம் எடுக்கல... எத்தனை வரிசை எடுத்தாச்சு?... ரெண்டா! அடியில விரிசல் இருக்கா, எட்டி நின்னு பாருங்க... முடி மாதிரியா? பலகை பதிஞ்ச அச்சா? இல்லப்பா, விரிசல்தான் அது!

வைக்காதீங்க, வைக்காதீங்க... சரி, நீங்க சொல்றதே சரி. விடுங்க... வேற ஒண்ணு சொல்லணும். அப்பா... சீட்டு கெடைச்சிருச்சு... சிவில்தான்... சத்தியமா... அழலப்பா. சித்தப்பாகிட்ட நானே சொல்லணும்... நீங்க அடியில போகாதீங்க! நின்ன இடத்துல இருந்தே கத்துங்க. எல்லாரையும் ரோட்டுக்கு வரச் சொல்லுங்க. சுத்தியல அப்படியே போட்டுட்டு வரட்டும்...

சித்தப்பா?... எங்க நிக்கிறீங்க?... கேக்கல, இன்னும் தள்ளி வாங்க... ரோட்டுக்கு அந்தப் பக்கம்... வாங்க, வாங்க... ஆங், இப்பக் கேக்குது. உங்ககூட முட்டு பிரிச்ச ஒல்லி அண்ணன் வந்துட்டாரா?... எல்லாரும்?... ஒருத்தர் விடாம?...

என்ன சத்தம் அது?... சித்தப்பா?... அப்பா!... யாராச்சும் பேசுங்களேன்...

அப்பா!... யாருக்கும் ஒண்ணுமில்லையே?... சித்தப்பா?... உக்காந்துட்டாரா? தண்ணி குடுங்க... மொத்தமும் விழுந்துருச்சா... கிட்ட போகாதீங்க, யாரும் போகக் கூடாது... அழாதீங்கப்பா. நீங்க அழுது நான் கேட்டதே இல்ல...

என்னது? நான் சீட்டு வாங்குன நேரந்தான் காப்பாத்துச்சா?... அப்பா... சீட்டெல்லாம் இன்னும் இல்லப்பா. பொய்யி... ஆமா, சத்தியமும் பொய்தான். வேற எதைச் சொன்னா நீங்க வேலைய நிறுத்தியிருப்பீங்க?...

கதவு திறக்குது. என்னைத்தான் கூப்பிடுறாங்க... வைக்கட்டுமா?... என்னன்னு சொல்லணும்?... மேஸ்திரிதான் தப்பா சொல்லிக் குடுத்தாருன்னா?... அப்படியேவா சொல்லணும்?...

சரிப்பா... சொல்றேன்.