ஏழாம் எண் பை

உங்களுடைய இந்த அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஜூலைக் குளிரில் விரல்கள் மரத்துப்போகும். செல்கள் வளரும் பெட்டி மட்டும் எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்கும். காலையில் வந்ததும் அதன் கதவில் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

என் பெயர் லூப்பே. பதினாறு வருடமாக ஆக்லாந்தில் இந்த வேலை செய்கிறேன். மாங்கெரேயில் டோங்காத் தீவுக்காரர்களான எங்கள் சபையில் என்னை "ரத்தம் படிச்சவ" என்பார்கள். கேலியும் உண்டு, பெருமையும் உண்டு.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறருடைய சிறுநீரகம் உடம்புக்குள் வந்தால், நம் வெள்ளையணுக்கள் அதை அந்நியன் என்று கண்டு தாக்கும். அதைத் தடுக்கத்தான் ஆயுள் முழுக்க மாத்திரை. ஆனால் அந்த வெள்ளையணுக்களிலேயே ஒரு சிறு கூட்டம் மற்றவற்றை அடக்கி வைக்கும். அவற்றை நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்து, சிறுநீரகம் கொடுத்தவரின் செல்களைக் காட்டி, "இவர் நம் வீட்டு ஆள்" என்று பழக்கி, மூன்று வாரம் வளர்த்து, ஒரு பையில் நிரப்பித் திருப்பி ஏற்றுவோம். பிறகு மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள். ஆறு பேருக்குச் செய்தோம். ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாவது ஆள் செலுவாயா. முப்பத்தொரு வயது. எங்கள் சபைப் பாடகர் குழுவில் எனக்கு முன்வரிசையில் நிற்பவள். அவள் அண்ணன் கிட்டியோனே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன், சிறுநீரகம் அவனுடையது. எங்களில் வயது வந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து படம்கூடப் பார்க்க மாட்டார்கள். தங்கைதான் உயர்ந்தவள், அவள் முன்னால் அவன் குரலை உயர்த்தக் கூடாது. கிட்டியோனே அதை வைத்தே எல்லோரையும் சிரிக்க வைப்பான்.

"நான் அவ இருக்கிற ரூமுக்குள்ள போகக் கூடாதாம். ஆனா என் கிட்னி மட்டும் அவ வயித்துக்குள்ள காலை நீட்டிப் படுத்திருக்கலாமாம். எந்த ஊர் நியாயம் அக்கா இது?"

செலுவாயாவுக்குக் குழந்தை வேண்டும். அவள் விழுங்கிய மூன்று மாத்திரைகளில் ஒன்று கருவைச் சிதைக்கும். அதை நிறுத்தினால்தான் ஆசைப்படவே முடியும். பாட்டுப் பயிற்சி முடிந்து சபை வாசலில் நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, எத்தன மாசம் ஆகும்? எனக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது."

"பை தயாரானா அஞ்சு மாசம்," என்றேன். அவளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. நடந்தவற்றுக்கெல்லாம் காரணம் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடக்கும் செல்லை அடக்கும் செல்லாக வைத்திருப்பது ஒரே ஒரு மரபணு. நாங்கள் அதைச் சுவிட்ச் என்போம். அது திறந்திருக்கும்வரை செல் சாது. வளரும்போது அதற்கு ஒரு புரதத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். ஊட்டாமல் விட்டால் அந்த மரபணுவின் மேல் சின்னச்சின்ன வேதிப்பொட்டுகள் ஒட்டிக்கொண்டு அதை மூடிவிடும். அதன்பின் செல் தன் வேலையை மறந்துவிடும். மறந்து சும்மா இருந்தால் பரவாயில்லை. அது தாக்குகிற செல்லாக மாறிவிடும். யாரை அடையாளம் காணப் பழக்கினோமோ அவரையே தாக்கும்.

செலுவாயாவின் செல்களுக்கு ஒரு சனிக்கிழமை நான் ஊட்டவில்லை. அன்று பாடகர் குழுப் போட்டி. ஞாயிறு ஆராதனை. திங்களன்று ஊட்டிவிட்டு, பதிவுத்தாளில் சனிக்கிழமைக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள்தானே என்று நினைத்தேன்.

கடைசிச் சோதனையில் நூற்றுக்குப் பதினெட்டு செல்களில்தான் சுவிட்ச் திறந்திருந்தது. எண்பது இருக்க வேண்டும். ஐந்தாம் நோயாளியின் மாதிரி உறைபெட்டியில் மிச்சம் இருந்தது. அதை இயந்திரத்தில் வைத்தேன். தொண்ணூற்றொன்று வந்தது. தாளில் அச்சான எண்ணில் நான் ஓர் இலக்கத்தையும் திருத்தவில்லை. குழாயை மட்டும் மாற்றினேன்.

அந்தப் பையை எறிந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து வளர்த்திருக்கலாம். விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏன் கெட்டது என்று கேட்பார்கள். அந்தப் பதிவுத்தாளை எடுத்துப் பார்ப்பார்கள். கட்டிடக் கதவில் சனிக்கிழமை என் அட்டை பதியவில்லை என்பதையும் பார்ப்பார்கள். பதினாறு வருடத்தில் என் வேலையில் ஒரு குறை வந்ததில்லை.

பை ஏற்றிய காலையில் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

"இதுதானாக்கா? எலுமிச்சத் தண்ணியாட்டம் கலங்கலா இருக்கு," என்றாள் செலுவாயா.

கிட்டியோனே வழக்கப்படி கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "அக்கா, உள்ள போறவங்ககிட்ட சொல்லி வைங்க. என் கிட்னிய பதமாப் பாத்துக்கணும். என்கிட்டயும் இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். பை காலியாக இருபது நிமிடம் ஆனது. நான் கடைசிவரை இருந்தேன். பொதுவாக யாரும் இருப்பதில்லை.

எட்டாவது வாரம் மாத்திரை ஒன்றை நிறுத்தினார்கள். பதினோராவது வாரம் அவள் ரத்தத்தில் கழிவு அளவு நூற்றைந்திலிருந்து நூற்று முப்பத்தொன்றுக்கு ஏறியது. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே செல்கள் குவிந்திருந்தன. முந்தைய ஆறு பேரில் இருவருக்கு அப்படிக் குவிந்ததுண்டு. அவை அடக்கும் செல்கள், தீங்கு செய்யவில்லை. அதனால் ஆய்வின் தலைவர் டாக்டர் ப்ரான்வின் என் மேஜைக்கு வந்தார்.

"லூப்பே, உள்ள இருக்கிறது நம்ம ஆளுங்களா, வேத்தாளுங்களா? நீ சாயம் போட்டுப் பாத்துச் சொல்லு. நம்ம ஆளுங்கன்னா காத்திருக்கலாம். இல்லேன்னா இன்னைக்கே பெரிய மருந்து ஏத்திடுவேன்."

சாயம் போட்டேன். சுவிட்ச் திறந்த செல் அங்கொன்றும் இங்கொன்றும்தான். பெரிய மருந்து ஏற்றினால் சிறுநீரகம் பிழைக்கும். ஆனால் பையில் என்ன இருந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த இருவரில் ஒருவரான நான்காம் நோயாளியின் கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியில் வைத்து ப்ரான்வினைக் கூப்பிட்டேன்.

"நம்ம ஆளுங்கதான்," என்றேன்.

"அப்பாடா," என்றார் அவர். என் தோளைத் தட்டினார்.

ஒன்பது நாள் காத்திருந்தார்கள். அளவு நானூற்றைத் தாண்டியது. அதன்பின் ஏற்றிய மருந்து எதையும் திருப்பவில்லை. சிறுநீரகத்தை எடுத்தார்கள். செலுவாயா மறுபடி வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் போகிறாள். போய்ப் பார்த்தேன். மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டு போனேன்.

"நீங்க ஏன்க்கா முகத்த இப்படி வச்சிருக்கீங்க? என் ஒடம்புதான் ஏத்துக்கல. நீங்க என்ன பாடுபட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன்.

வெளியே நடைபாதையில் கிட்டியோனே தரையில் உட்கார்ந்திருந்தான். எங்கள் வழக்கப்படி துக்க வீட்டுக்குப் போகிறவனைப்போல இடுப்பில் பழைய பாய் கட்டியிருந்தான். தங்கையிடம் மன்னிப்புக் கேட்க வந்தவன், அறைக்குள் போக முடியாமல் வாசலிலேயே அமர்ந்துவிட்டான். காலையிலிருந்து அப்படியே இருக்கிறான் என்று நர்ஸ் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லுங்க."

"கேளு."

"கிட்னி குடுக்கிறதுக்கு முன்னால நான் நெறையக் குடிச்சிட்டிருந்தேன். டாக்டருங்க கேட்டப்ப கொறைச்சுச் சொன்னேன். கெட்டுப்போன கிட்னியத்தான் அவளுக்குக் குடுத்துட்டேனா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் இல்லையென்றால் வேறென்ன என்று அடுத்துக் கேட்பான். கேட்காவிட்டாலும் யோசிப்பான்.

"அதெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாது, கிட்டியோனே," என்றேன்.

அவன் தலையசைத்தான். வெகுநேரம் அசைத்துக்கொண்டே இருந்தான். அந்த வாரமே வேலையை விட்டுவிட்டான். இப்போது சபைக்கு வருவதில்லை. அவன் சபைக்கு வராதது எனக்கு வருத்தம்தான்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கட்டுரைக்காக ப்ரான்வின் ஏழாம் பையிலிருந்து ஒதுக்கி வைத்த சிறு குழாயை உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சோதித்தார். பதினெட்டு வந்தது. என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார். அந்தக் குழாயை நான் எப்போது வேண்டுமானாலும் எறிந்திருக்கலாம். எறியவில்லை. என்னைப் பற்றி முடிவெடுக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

ஆம், அவை தாக்கும் செல்கள் என்று தெரிந்தே ஏற்றினேன். தாக்குகின்றன என்று தெரிந்தே ஒன்பது நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிக்கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். செலுவாயாவின் பெரியம்மா மகள் ஒருத்தி இப்போது சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறாளாம். மறுபடி ரத்தம் எடுத்துச் செல் வளர்ப்பார்கள். புதிய ஆட்கள் அவசரப்படுவார்கள். செலுவாயாவின் செல்கள் பசி தாங்காதவை, அது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பையை மட்டும் நானே தயாரிக்கிறேன். அவள்மேல் என்னைப்போல அக்கறை உள்ளவர்கள் அங்கே வேறு யாரும் இல்லை.