கப்பல்ல வந்தவங்க பாடம்

இரிங்க செல்வதாஸ் ஐயா, சத்தம் போடாதிய. பிள்ளையளுக்கு அப்பிடி என்னத்தப் படிச்சுக் குடுத்தேண்ணு கேக்கத்தானே இந்த வெயில்ல பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்திருக்கிய? சொல்லுதேன். நேசபாய் வாத்திச்சி ஒண்ணையும் மறைக்கமாட்டா. இந்த பெஞ்சுல இரிங்க. பிள்ளையளுக்குள்ளதுதான், ஒங்க பாரம் தாங்கும்.

ஒங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லல்ல, சத்தியமாட்டு. அறுப்புப் பண்டிகை வருதில்லியா, அதுக்கு ஒரு கத. மிஷன் மதாம்மா குடுத்த பொஸ்தகத்துல உள்ளது. வெள்ளக்காரன் கொஞ்சம்பேரு கப்பலேறி அமெரிக்காவுல போய் எறங்குனான். நல்ல குளிரு. திங்கதுக்கு ஒண்ணுமில்ல, பாதிப்பேரு செத்துப்போனான். அந்த ஊர்க்காரங்க பாவப்பட்டு வெத குடுத்து, சோளம் நடச் சொல்லிக்குடுத்தாவ. குழியில மீனப் போட்டு மூடணுமாம். நம்ம பிள்ளைய அதுக்குச் சிரிச்சுது பாக்கணும்! எங்க தென்னைக்கும் சாளை மீன்தானே போடுதோம்ண்ணு. அறுப்பு முடிஞ்சதும் ரெண்டு கூட்டமும் ஒண்ணா இருந்து சாப்பிட்டாவ, நம்ம கோயில் அசனம் மாதிரி. கத அவ்வளவுதான்.

யேசுரத்தினம் மவ ராகேல் இருக்காள்லா, ஏழு வயசு. அவதான் எந்திரிச்சு, அந்தச் சோறு குடுத்த ஆளுவ இப்ப எங்க இருக்காவண்ணு கேட்டா. பொஸ்தகத்துல அது இல்ல ஐயா. ஆனா எனக்குத் தெரியும். நெலமெல்லாம் போச்சு மக்களேண்ணு சொன்னேன். எப்பிடிப் போச்சு? தாள்ல எழுதி வாங்கிட்டாவண்ணு சொன்னேன். அதுக்குப் பிள்ளைய ஒண்ணும் சிரிக்கல்ல.

ஒங்களுக்கு என்னத்துக்கு இப்பிடி வேர்க்குது?

முப்பதாம் வருசம் ஐப்பசி மழையில, பெண்டாட்டி பிள்ளையோட நனைஞ்சு வந்திய. இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படுத்திய. பொம்பளைய சோறு பொங்கும்போ கோயிலுக்குண்ணு எடுத்து வைக்க கைப்பிடி அரிசி, அதத்தான் ரெண்டு மாசம் ஒங்களுக்கு ஆக்கிப் போட்டோம். கர்த்தருக்குள்ளத எடுத்து! நான் சொல்லிக்காட்டல்ல. பொறவு, கால்வா வெள்ளம் நம்ம வயலுக்கு எட்டல்லண்ணு சர்க்காருக்கு மனு எழுதிக் கொண்டுவந்திய. பதினோரு வீட்டுக்காரங்களுக்கும் எழுத்து தெரியாது. வாசிச்சது நான். மேல உள்ள தாளு மனுதான். அடியில இருந்த கிரயத் தாள நான் புரட்டிப் பாக்கல்ல ஐயா. ஒவ்வொருத்தர் பெருவெரலையும் நாந்தான் பிடிச்சு மையில முக்கி வச்சேன். இந்தக் கையி. கோர்ட்டுல ஒங்க பக்கம் தீர்ப்பு வந்த அண்ணைக்கு நெலம் போன யேசுரத்தினம்கூட என்னய ஒரு சொல்லு ஏசல்ல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இல்லல்ல, எந்திரிக்காதிய. பிள்ளைய எங்கயா? இண்ணைக்கு லீவுல்லா. நாந்தான் விட்டேன். அப்பன் அம்மைக்குக் கதிர் கட்டு எடுத்துக் குடுக்கணுமே.

குளத்தடி வயல்ல கும்பப்பூ நெல்லு வெளஞ்சு சாஞ்சு கெடந்துதில்லியா, அங்கதான். ஒங்க பேருல உள்ள வயல்தான், நான் இல்லேண்ணா சொல்லுதேன்? ஆனா நட்டதும் களை பறிச்சதும் அவங்க. வெடியக்காலமே பதினோரு வீடும் எறங்கியாச்சு. பாடத்தப் பத்தி ஒங்க காதுல போடச் சொன்னதும் நாந்தான். உச்சி வரைக்கும் ஒங்கள இங்க இருத்தணும், அது என் பாடு. இந்நேரம் கடைசி வரப்புக்கு வந்திருப்பாவ.

இப்ப அங்க போவாதிய ஐயா. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். எல்லாரு கையிலயும் அருவா இருக்கு.