ஹூவோ தாமிங்கின் தழும்பு

சத்தியமா சொல்றேன் தம்பி, இந்த ரயிலு தடம் புரண்டாலும் சரி, நான் சொல்றதுல ஒரு எழுத்துகூடப் பொய் கெடையாது. வேணும்னா இந்த டீ ஜாடி மேல அடிச்சு சத்தியம் பண்றேன். சிரிக்காதீங்க. எங்க ஊரு பள்ளிக்கூடத்துல இருவத்தஞ்சு வருசமா கேட்டுக் காவல் நான். கெங் தாத்தான்னா எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும். தபால் வந்தாலும் என் கைக்குத்தான், போன் வந்தாலும் என் ரூமுக்குத்தான். அப்பிடிப்பட்டவன் பொய் பேசுவனா?

இந்தாங்க, சூரியகாந்தி விதை, கொறிங்க. நானே வறுத்தது. அந்தப் பெட்டியில காத்தே இல்ல, அதான் எந்திரிச்சு இங்க வந்துட்டேன். இது என்ன, புருவத்துல தழும்பு? சைக்கிள்லேருந்து விழுந்ததா? சரி சரி, சும்மா கேட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், ஹூவோ தாமிங். எங்க பள்ளிக்கூடத்துப் பையன்தான். வீட்ல விளக்கு கெடையாது. என் கேட்டு விளக்குக்குக் கீழதான் படிப்பான். தூக்கம் வந்தா காலைத் தண்ணி வாளியில விட்டுக்குவான். ஒரு குளிர்காலத்துல தண்ணி உறைஞ்சு போயி காலு வாளியோட ஒட்டிக்கிச்சு. பய என்ன பண்ணினான்? வாளியோடவே நடந்து போயி பரீட்சை எழுதினான். டக்கு டக்குன்னு. கணக்குல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது. அந்த ஒரு மார்க்கு வாளிச் சத்தத்துக்காகக் கொறைச்சது. நடந்துக்கிட்டே படிச்சுக் கொடிக்கம்பத்துல மோதினான் ஒருநா. இந்தா, உங்களுக்கு இருக்குற அதே எடத்துல தழும்பு. கம்பம்தான் சாஞ்சு போச்சு. இன்னிக்குப் பெய்ஜிங்குல ராக்கெட்டு செய்யிறான்.

நம்பலையா? எங்க பள்ளிக்கூடத்து கௌரவப் பலகையில போயிப் பாருங்க. செவப்பு எழுத்துல மொதப் பேரு அவந்தான்.

எழுதினது யாரா? தலைமையாசிரியர் ஃபாங். மூணு வருசம் முன்னாடி, செப்டம்பர் ஒண்ணாந்தேதி. பள்ளிக்கூடம் தொறக்குற அன்னிக்கு எங்க ஊர்ல ஒரு வழக்கம். முன்னாடி படிச்சுப் பெரிய ஆளான ஒருத்தரைக் கூட்டியாந்து மேடையில பேச வெப்பாங்க. பேச்சு முடிஞ்சதும் ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் காலேஜுக்குப் போகணும்னு செவப்புத் தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டணும். மூணு வருசமும் அதைப் பாத்துக்கிட்டேதான் படிக்கணும். அன்னிக்குன்னு மழை, பாலம் போச்சு, வரவேண்டியவரு வரல. மேடையில கல்வி அதிகாரிங்க. கீழ அறுநூறு பிள்ளைங்க நனைஞ்சுகிட்டு நிக்குதுங்க. ஃபாங் அப்பதான் புதுசா வந்தவரு, மூஞ்சி வேகாத மாவு மாதிரி வெளுத்துப் போச்சு. நான் மைக்கு ஒயரை முறுக்கிக்கிட்டு நின்னேன். யோவ் கெங்கு, ரெண்டு நிமிசம் ஏதாவது பேசுய்யான்னாரு.

நாப்பது நிமிசம் பேசினேன். ஒரு பிள்ளை அசையல தம்பி. அதிகாரிங்க எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. மறுநா பாத்தா பலகையில பேரு ஏறிடுச்சு. எந்த வருசத்துப் பையன்னு ஃபாங் கேட்டாரு. நீங்க வர்றதுக்கு முந்தின்னேன். பழைய ரிஜிஸ்டரு எல்லாம் வெள்ளத்துல போயிருச்சு, யாரு பாக்குறது?

மியாவ் சூயுன்னு ஒரு பொண்ணு. அவங்கம்மா எங்க கேட்டுக்கு எதுக்கவே பன்னு வேகவெச்சு விக்கிறவ. அம்பது பேருல நாப்பத்தோராவது ரேங்கு. செவப்புத் தாள்ல உள்ளூர்லயே ஏதாவது வேலைன்னு எழுதியிருந்தா. என் பேச்சைக் கேட்டுட்டு அதைக் கிழிச்சுப்புட்டா. பெய்ஜிங், ராக்கெட்டுப் படிப்புன்னு எழுதி ஒட்டினா. சாயங்காலம் என் ரூமுக்கு வந்து ஒரு கடுதாசிய நீட்டினா. தாத்தா, இதை ஹூவோ அண்ணனுக்கு அனுப்பிடுங்கன்னா.

முகவரியா? நல்லா கேட்டீங்க. டீ ஆறிடப் போகுது, குடிங்க.

பதில் போச்சு. ஏழு கடுதாசி எழுதினா, ஏழுக்கும் போச்சு. பழைய கவர்லேருந்து கெட்டில் ஆவியில ஸ்டாம்பை உரிச்சு ஒட்டினேன். என் எழுத்து அவளுக்குத் தெரியும், அதனால எடது கையால எழுதினேன். ஒசரத்தைப் பாரு தங்கச்சி, கீழ பாக்காத, அப்பிடின்னு. நாப்பத்தொண்ணு இருவதாச்சு. இருவது மூணாச்சு. நான் எழுதினது பொய்யின்னே வெச்சுக்கங்க, அவ வாங்கின மார்க்கு பொய்யில்லையே?

ஆமா தம்பி. ஹூவோ தாமிங்குன்னு யாரும் இல்ல.

இருங்க, எந்திரிக்காதீங்க. இன்னும் முடியல. போன மே மாசம் கேட்டா, விண்ணப்பத்துல ரெண்டாவதா வாத்தியார் ட்ரெயினிங் காலேஜு பேரையும் எழுதட்டுமா அண்ணேன்னு. நான் என்ன எழுதினேன் தெரியுமா? ரெண்டாவதுன்னு ஒண்ணை நான் நெனைச்சிருந்தா ராக்கெட்டு பறந்திருக்குமான்னு எழுதினேன். எழுதுறப்ப எனக்கே புல்லரிச்சுது. நல்ல வேளை, அவ டீச்சரம்மா விண்ணப்பத்தைப் பாத்துட்டுத் தானே அந்தக் காலேஜு பேரையும் சேத்து விட்டாங்க. பெய்ஜிங் பதினோரு மார்க்குல போச்சு. ட்ரெயினிங் காலேஜு கெடைச்சுது. அந்தச் சேதி வந்த கவரை நாந்தான் அவ கையில குடுத்தேன். பாத்துட்டு மறுநா எட்டாவது கடுதாசியக் கொண்டாந்தா. ஒரே வரி. இப்ப நான் என்ன செய்யட்டும் அண்ணே?

அதுக்கு மட்டும் பதில் போகல. பேனாவைப் பிடிச்சா எடது கையும் ஓடல, வலது கையும் ஓடல. மூணு வாரம். பேசாம இருந்ததுதான் தப்பாப் போச்சு.

நேத்து பெட்டி படுக்கையோட கெளம்பினா. காலேஜுல சேரப் போறான்னு அவங்கம்மா பதினாறு பன்னு கட்டிக் குடுத்தா, தெருவுக்கே சொல்லிச் சிரிச்சா. இன்னிக்குக் காலையில என் ரூம்ல போன் அடிக்குது. தாத்தா, பெய்ஜிங் வந்துட்டேன், ஸ்டேஷன் மணிக்கூண்டுக்குக் கீழ நிக்கிறேன், அண்ணன்கிட்ட எப்பிடியாவது சொல்லிருங்க, அவரு வர்ற வரைக்கும் நகர மாட்டேன்னா. வெச்சுட்டா. அவங்கம்மா எதுத்தாப்புல பன்னு வித்துக்கிட்டிருக்கா. அவளைத் தாண்டித்தான் நான் ரயிலுக்கு வந்தேன். பொண்ணு போய்ச் சேந்துட்டாளா தாத்தான்னு கேட்டா. சேந்துட்டாம்மான்னேன்.

நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள காலேஜுல பேரு பதியணும். இல்லேன்னா அந்த எடமும் போச்சு.

நான் போயி சொல்லலாம்தான். எல்லாம் நாந்தான் எழுதினேன் பாப்பான்னு. சொன்னா அந்த மூணாவது ரேங்குக்காரி செத்துப் போயிருவா தம்பி. உள்ளுக்குள்ள.

காத்துக்காக நான் இங்க வரல. பதினோரு பெட்டி நடந்து வந்தேன். மேடையில நான் சொன்ன மாதிரி கண்ணாடி போட்டவங்க நெறைய பேரு. நாப்பது வயசு, சட்டைப் பையில பேனா, எடது புருவத்துல தழும்பு, நீங்க ஒருத்தர்தான்.

பத்து நிமிசம் அவ முன்னாடி ஹூவோ தாமிங்கா நில்லுங்க. நானும் மொத வருசம் தோத்தவன்தான்னு சொல்லுங்க. சொல்ல மாட்டேன்னா, ஹூவோ தாமிங் செத்துட்டான்னாவது சொல்லுங்க. எது சரின்னு எனக்குத் தெரியல. நீங்க எதைச் சொன்னாலும் நம்புவா, அதுதான் பயமா இருக்கு. ஆனா நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அவ அங்க இருக்கணும்.

வேகம் கொறையுது பாருங்க. அந்தா, மணிக்கூண்டு. நீல ரிப்பன் கட்டியிருப்பா. பன்னு பொட்டலத்தைப் பிரிச்சிருக்க மாட்டா, உங்களுக்குன்னு வெச்சிருப்பா. ஒண்ணு எடுத்துத் தின்னுருங்க. நான் அந்தத் தூணுக்குப் பின்னாடி நிக்கிறேன். வாளிக் கதையக் கேப்பா, சிரிச்சுக்கிட்டே ஆமான்னு சொல்லிருங்க. யாரு சொல்லி வந்தீங்கன்னு மட்டும் அவகிட்ட சொல்லிராதீங்க தம்பி.