தாழையோடைக்கு வந்த முளைப்பாரி

தேவிபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வந்த பேருந்தில், எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் என் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று நான் முழுசாக நம்பிவிட்டேன்.

"ஊருணித் தெருவுல ஒரு கிளிப்பச்சை வீடு இருக்குல்ல மதினி, அது வாசல்லதான் தோண்டணும்" என்றாள் இளையவள்.

அந்தத் தெருவில் கிளிப்பச்சை வீடு என்னுடையது ஒன்றுதான். மனைவி அப்போதே வேறு நிறம் அடிக்கச் சொன்னாள்.

"எதுக்குத் தோண்டணும்? மேல சிமெண்டுப் பலகதான கெடக்கு. ரெண்டு பேரும் பிடிச்சா நகந்துரும்" என்றாள் மூத்தவள். லேசாகத் திரும்பி ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் மடியில் முளைப்பாரிச் சட்டி இருந்தது.

"அது சாக்கடைங்கிறாங்களே மதினி."

"நேத்து குடிவந்தவன் அப்படித்தான் சொல்லுவான். அது தாழையோடை. ஊருணி நெறஞ்சு வழிஞ்சா மறுகாத் தண்ணி அங்கன ஓடித்தான் கண்மாய்க்குப் போகும். கரை பூராம் தாழை. பூ விட்டா தெருவே மணக்கும்."

"போன வருசம் மாதிரி கோயில் வாசல்ல வச்ச தண்ணி டிரம்முல கரைச்சா என்ன?"

"டிரம்முல கரைச்சதுலருந்து எனக்கு மனசே சரியில்ல. எங்க ஆத்தா கரைச்ச தண்ணியில ஒரு தடவையாச்சும் கரைச்சிரணும்."

"வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தா?"

"வரட்டும். அவனையும் ஒரு கை பிடிக்கச் சொல்லுவோம்."

இறங்கியதும் நான் அவர்களுக்கு முன்னால் தெருவுக்கு வந்து, என் வீட்டுக்கு எதிர்த்த டீக்கடைக்குள் போய் நின்றுகொண்டேன். இருவரும் என் வாசல் பலகையை நகர்த்தினார்கள். கீழே முந்தைய நாள் பெய்த மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முளைப்பாரியைக் கரைத்துக் குலவை போட்டார்கள். பலகையை மூடிவிட்டுப் போனார்கள்.