ஒரு முறை மட்டும் சாக வேண்டியவள்

நீங்கள் கொடுத்திருக்கும் நாற்காலி ஆடவில்லை. முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன். எங்கள் அரங்கில் ஆடாத நாற்காலி என்று ஒன்று கிடையாது. சோகக் காட்சியில் ஜனம் கொஞ்சம் நெளிந்தால் போதும், கொட்டகை முழுக்கக் கிறீச்சிடும். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட நடிகர்கள் எங்களிடம் உண்டு.

அடுத்து, எனக்கு மறதி கிடையாது. என் மச்சினன் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்து உங்களிடம், "அத்தானுக்கு வயசாயிடுச்சு சார். பாவம், மறந்துட்டார். விட்டுடுங்க" என்று அழுதானாம். மகளைப் பறிகொடுத்தவன் எனக்காகப் பரிந்து பேசியது பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் நடிகர்கள் மறந்துபோன வசனத்தை மறைவில் இருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. எனக்கே மறதி என்று ஊருக்குள் பேச்சு கிளம்பினால், நாளைக்கு எவன் என்னை நம்பி மேடை ஏறுவான்? அதனால்தான் நானே வந்தேன்.

நாவலில் இருந்து தொடங்குகிறேன். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். நான் படுத்தும் இருக்கிறேன். படகுக்காரனின் மனைவியைப் பற்றியது. புருஷன் போருக்குப் போகிறான், அவள் காத்திருக்கிறாள். அதைப் பாட்டு நாடகமாக்கலாம் என்று கிளம்பியது நான். வசனமும் பாட்டும் நான். மெட்டுப் போட்டுப் பியானோ வாசித்தது மச்சினன். படகுக்காரன் மனைவியாக நடித்தது அவன் மகள்.

நாவலில் ஓர் ஊரே இருக்கிறது. எங்களிடம் ஐந்து பேரும், பாதிக் கட்டைகள் பேசாத ஒரு பியானோவும் இருந்தன. எனவே ஆட்களைக் குறைத்தேன். முதலில் வைத்தியர் போனார். அவர் போனதால் அவர் காப்பாற்ற வேண்டிய குழந்தைகளும் போயின. போரைத் திரைக்குப் பின்னால் ஒரு தகரத்தைத் தட்டி முடித்தோம். ஜென்மப் பகையாளிகளான அண்ணனையும் தம்பியையும் ஒரே ஆளாக்கினேன். அவன் நடுமேடையில் நின்று தன்னைத்தானே திட்டிப் பாடினான். மனசாட்சியின் குரல் என்று பத்திரிகைக்காரர் எழுதினார். குதிரை வேஷத்துக்குள் முன்காலாக நின்றவனும் பின்காலாக நின்றவனும் ஏதோ குடும்பத் தகராறில் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்ததால், குதிரை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போகப் பார்த்தது. அதையும் வெட்டினேன். குதிரை அழுதது. பின்பாதி மட்டும்தான்.

வெட்ட வெட்ட ஒன்று புரிந்தது. ஆள் போனால் கதை நின்றுவிடாது. சுத்தமாகிறது.

இனி, அவள் விழுந்து சாகும் ஆற்றுக்கு வருகிறேன். அரங்கம் முன்பு சரக்குக் கிடங்காக இருந்தது. மேடைக்குக் கீழே ஆழமான நிலவறை, கல் பாவிய தரை. மேடைப் பலகையில் ஒரு கதவு வெட்டி, அதையே ஆறு ஆக்கினோம். கடைசிப் பாட்டில் அவள் ஜனத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, கைகளை விரித்து, திரும்பிப் பார்க்காமல் மல்லாக்க விழுவாள். கீழே சக்கரம் வைத்த பலகையில் மெத்தைகள் அடுக்கியிருக்கும். அதை மெத்தை வண்டி என்போம். அதை நேராகத் தள்ளி நிறுத்திவிட்டு, நான் ஒரு கம்பால் மேடையின் அடிப்பலகையை இரண்டு தட்டு தட்டுவேன். தட்டினால் மெத்தை இருக்கிறது என்று அர்த்தம். தட்டாவிட்டால் அவள் கடைசி அடியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடுவாள். இந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை. "மாமா தட்டினா கண்ணை மூடிட்டு விழுவேன். அப்பாவை விட்டா தட்டறதுக்கும் ஒரு மெட்டுப் போடுவார்" என்பாள்.

முதல் நாள் காட்சியில் அழகாக விழுந்தாள். அதன்பிறகு ஒரு மௌனம் வர வேண்டும். விளக்கு அணைய வேண்டும். ஜனம் பேசாமல் எழுந்து போக வேண்டும். நான் எழுதியது அப்படித்தான். வந்தது ஒன்ஸ்மோர்.

மச்சினன் கதவு வழியாகத் தலையை நீட்டி, "ஏறி வாம்மா, கேக்கறாங்க" என்றான். மெத்தை வண்டியைச் சுவரோரம் தள்ளி, ஏணியைச் சாய்த்தேன். செத்தவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு ஆற்றில் இருந்து ஏறிப்போய், ஜனத்துக்குக் கையசைத்துவிட்டு, திரும்பவும் பாடித் திரும்பவும் மூழ்கினாள். பிறகு தினமும் இதே கதை. சில மாலைகளில் மூன்று தடவைகூடச் செத்தாள்.

எடுத்துச் சொல்லாமல் இல்லை. ஒப்பனை அறையில் வைத்துக் கேட்டேன்.

"செத்தவ எப்படிடா எழுந்து வந்து பாடுவா?"

"ஜனம் கேக்குது அத்தான். சாகறதுக்கு இவ்வளவு கைதட்டு வேற யாருக்குக் கிடைக்கும்?"

"நாவல்னு ஒண்ணு இருக்கு."

"அது உங்க தலைமாட்டுலயே பத்திரமா இருக்கட்டும்."

அவளும் சிரித்தாள். "ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேற மாதிரி சாகறேன் மாமா. கீழயே உக்காந்திருக்கீங்க, உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. ஒன்ஸ்மோர் பாடும்போது அவள் வரிகளை விட்டுவிட்டு, மெட்டை மட்டும் முனக ஆரம்பித்தாள். ஜனத்துக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. வார்த்தை இல்லாமல் இருந்தால்தான் துக்கம் தெரிகிறதாம், மச்சினன் சொன்னான். அந்த வார்த்தைகளை எழுதியவன் நான் என்பதற்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அவள் முதல் தடவை விழுந்து எழுந்து, தோளைத் தேய்த்துக்கொண்டாள். "மெத்தை ஒரு பக்கம் அமுங்கிடுச்சு மாமா. மாத்தணும்."

"மாத்திடலாம்மா" என்றேன்.

மேலே கூப்பிட்டார்கள். வண்டியைத் தள்ளி, ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறினாள். ஏணியை எடுத்து ஓரமாக வைத்தேன். மெத்தை வண்டி சுவரோரம் இருந்தது. நன்றாகத் தெரிந்தது, என் கண்ணிலும் குறையில்லை. மேலே முனகல் ஆரம்பித்தது. வண்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன். கம்பை எடுத்தேன். இரண்டு தட்டு தட்டினேன்.

கல் தரையில் விழுந்தவளுக்கு உயிர் உடனே போகவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

"தட்டினீங்களே மாமா" என்றாள்.

"ஆமாம்மா, தட்டினேன்."

மேலே இன்னும் ஒன்ஸ்மோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சினன் பாட்டின் முன்னிசையை வாசித்தான். அவள் வரவில்லை. மறுபடி வாசித்தான். பிறகு கைதட்டல் அங்கங்கே உதிர்ந்து, நாற்காலிகள்கூட ஆடாமல், கொட்டகை அடங்கியது. எழுதும்போது நான் மனதில் வைத்திருந்த மௌனம் அதுதான். நாடகம் அன்றைக்கு ஒருநாள்தான் சரியாக நடந்தது.

எனக்கு அவள்மீது ஒரு கோபமும் இல்லை. நல்ல பெண். நாவலுக்குத் துரோகம் நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நேற்று நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்தப் புத்தகத்தை வாங்கிக் கடைசிவரை படித்திருக்கிறீர்கள், சந்தோஷம். இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள். "என்ன ஐயா, கதைல அவ சாகவே இல்லையே? ஆத்துல முகத்தைக் கழுவிட்டு வீட்டுக்குப் போறா. பேரன் பேத்தி எடுக்கறா" என்றீர்கள்.

வாஸ்தவம். ஆற்றில் விழ வைத்தது நான்தான். அவள் கிழவியாகும்வரை காத்திருக்க எங்கள் மேடையில் இடம் இல்லை. தவிர, அந்த இடத்துக்கு வந்ததும் ஆசிரியருக்கு மனசு இளகியிருக்க வேண்டும். பக்கம் பக்கமாக வளர்த்த பெண், சாகடிக்கக் கை வராது. நான் இவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவன், எனக்குக் கை வந்தது. எங்கள் இரண்டு பேரில் நாவலுக்கு உண்மையாக இருந்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.