கடலுக்கு ஆறு கிலோமீற்றர்

இல்லையில்லைத் தம்பி, உதில பிடிச்சு இழுக்காதையும், கையோட கழண்டு வந்திடும். உந்த முன்சில்லு வளைஞ்சுபோச்சு. பெரிய சில்லைக் குனிஞ்சு பாரும், அக்சில் ஒரு பக்கம் பாக்குது, சில்லு ஒரு பக்கம் பாக்குது. உம்மட காரில கொழுக்கி இருக்கிறது எனக்கும் தெரியுது. இழுத்தா என்ன நடக்கும்? மணலுக்குள்ள இன்னும் தாழும். என்ர காரால இழுத்துப் பாத்திட்டுத்தான் கழட்டி அங்கால விட்டிருக்கிறன். காருக்கு ஒண்டுமில்லை. பின்னால இழுத்து வந்த இந்த றெயிலர்ச் சனியன்தான்.

ஒரு மணித்தியாலமா இதோட மல்லுக்கட்டுறன் தம்பி. இந்தப் பத்தைக் காட்டுக்குள்ள ஆர் வரப்போறான் எண்டு நிண்டனான். முன்னம் ஒரு டெனிஸ்காரி, இந்த நாட்டு வெள்ளைக்காரி, நாயோட வந்தா. நிண்டா, றெயிலரைப் பாத்தா, என்னைப் பாத்தா, இண்டைக்கு நல்ல வெயில் என்ன எண்டு சொல்லிப்போட்டுப் போறா. எனக்கு வந்த விசருக்கு! நீர் காரை விட்டு இறங்கேக்கையே தமிழாள் எண்டு கண்டிட்டன். மீன் பக்டரியிலயோ வேலை? சனிக்கிழமையும் விடமாட்டாங்களோ? ஓமோம், சம்மரில ஆள் குறைவுதான். நான் ரண்டர்ஸ் ரவுணில இருக்கிறன். தவராஜா. கோயில் தவராஜா எண்டு கேட்டீரெண்டா அங்க சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். நிர்வாகத்தில பதினொரு வருசமா செயலாளர்.

அடிச்சிட்டன், உடைஞ்ச வண்டி தூக்கிற கொம்பனிக்குப் போன் அடிக்காமல் இருப்பனே? ஒரு பெட்டை எடுத்தா. எந்த ரோட்டு எண்டு கேக்கிறா. ரோட்டுக்குப் பேர் இருந்தாத்தானே சொல்லுறதுக்கு. பைன் மரம் நிக்குது, மணல் கிடக்குது, கிடங்கு கிடக்குது எண்டன். டெனிசிலதான் தொடங்கினனான், கோவத்தில பாதி தமிழா வந்திட்டுது. சனிக்கிழமையாம், வண்டி வர ரண்டு மூண்டு மணித்தியாலம் செல்லுமாம். மூண்டு மணிக்கு நாங்கள் கடக்கரையில நிக்கவேணும் பிள்ளை எண்டன். அவ என்ன செய்யிறது பாவம், மன்னிக்கவேணும் எண்டா.

ஓம், மூண்டு மணிக்கு. மனிசிக்கு ஞானஸ்நானம். கடலுக்குள்ள இறக்கி முழுக்காட்டிறது.

ஏன் என்ர நெத்தியைப் பாக்கிறீர்? திருநீறுதான். நான் பூசுவன், சாகுமட்டும் பூசுவன். மாறுறது அவ. யோகம்மா. முப்பத்திநாலு வருசம் என்னோட கோயிலுக்கு வந்த மனிசி, தேர் எண்டா நாலு நாளுக்கு முன்னமே மாலை கட்டத் தொடங்கிறவ. இப்ப பாஸ்டர் இன்பநாதன்ர சபை. அவையள் ஒவ்வொரு சம்மரும் இந்தக் கடக்கரையில காம்ப் போடுறவை. காம்ப் எண்டாலே எங்கட ஆக்களுக்கு ஆமிதான் ஞாபகம் வரும், இது பாட்டுப் படிக்கிற காம்ப். பெரிய மண்டபம் ஒண்டு, பொம்பிளையள் ஒரு பக்கம், ஆம்பிளையள் ஒரு பக்கம் படுக்கை. பாஸ்டர் எனக்கும் போன் எடுத்தவர், குறை சொல்ல ஏலாது, மரியாதையான மனுசன். அண்ணை நீங்களும் வந்து நில்லுங்கோ எண்டார்.

நான் யோகத்திட்டைச் சொன்னன், கொண்டந்து விடுறன், ஆனா அவையின்ர மண்டபத்தில படுக்கமாட்டன், அவையின்ர சோத்தில கை வைக்கமாட்டன். அங்க படுத்து எழும்பினா திங்கக்கிழமை கோயில் முழுக்கக் கதை. அதுக்குத்தான் இதை வாங்கினனான். டெனிஸ்காரர் டெல்ற்வொன் எண்டு சொல்லுறது. பெட்டிக்குள்ள மடிச்ச கூடாரம். விரிச்சா ரண்டு பேர் படுக்கலாம். சில்க்போர்க்கில ஒரு கிழவன் வளவுக்குள்ள போட்டு வைச்சிருந்தவன்.

எங்கட மகள் தனுசியா அவுஸ்திரேலியாவில. அவளும் புருசனும் இப்பிடி ஒண்டை இழுத்துக்கொண்டு செம்மண் ரோட்டில, கல்லென்ன கிடங்கென்ன, கிழமைக்கணக்கா ஓடுவினம். புழுதி பறக்க வீடியோ அனுப்புவாள். அதைப் பாத்துப் பாத்து எனக்கும் ஒரு நினைப்பு, அவளால ஏலுமெண்டா எனக்கு ஏலாதோ எண்டு. போன் பண்ணிக் கேட்டா சிரிக்கிறாள். அப்பா, எங்கட றெயிலர் அதுக்கெண்டே செய்தது, நீங்கள் வாங்கினது புல்லுத்தரையில வைச்சு தேத்தண்ணி குடிக்கிறதுக்கு எண்டாள். கிழவனும் அதைத்தான் சொன்னவன். தார் ரோட்டை விட்டு இறக்காதை, பாரத்தைச் சில்லுக்கு நேர மேல வை, பின்னுக்கு வைக்காதை.

பின்னுக்குத்தான் வைச்சனான். திறந்து பாரும். பத்துக் கிலோ அரிசி, குக்கர், காஸ் அடுப்பு, அம்மி மாதிரி ஒரு கிறைண்டர், மூண்டு நாளைக்குக் காணுமெண்டு பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். அவையின்ர சாப்பாட்டில கை வைக்கமாட்டன் எண்டு சொன்னாப்பிறகு நான் பட்டினி கிடக்கேலுமே? பெருந்தெருவில ஏறினவுடனை றெயிலர் வாலை ஆட்டத் தொடங்கிற்று. பின்னால வந்த லொறிக்காரன் ஹோர்ண் அடிச்ச அடியில நான் ஓரத்துக்கு எடுத்துப்போட்டன். யோகம் மடியில பையை வைச்சுக்கொண்டு நேர பாத்தபடி இருந்தா.

அவவோ? அவ... கொஞ்சம் நடக்கப் போட்டா. நீர் கேளும்.

வெள்ளணத் தொடங்கியிருந்தா இவ்வளவு அந்தரம் இல்லை. ராகுகாலம். சனிக்கிழமை ஒன்பதிலயிருந்து பத்தரை எண்டு கலண்டரில போட்டிருக்கும், ஆனா அது ஊர்ச் சூரியனுக்கு. இஞ்ச கோடையில சூரியன் நாலரைக்கு எழும்பி இரவு பத்துக்குத்தான் படுக்குது. பகல் நீண்டா ராகுகாலமும் நீளும்தானே. கணக்குப் பண்ணிப் பாத்தா பதினொண்டு பத்துவரைக்கும் போகுது. ரண்டேகால் மணித்தியாலம்! அது முடியுமட்டும் கார் வெளிக்கிடாது எண்டு சொல்லிப்போட்டன். ஞானஸ்நானம் எடுக்கப் போற மனிசி, தம்பி, ராகுகாலம் முடியுமட்டும் சப்பாத்தும் போட்டபடி கதிரையில இருந்தா. நான் சண்டைக்கு ஆயத்தமா நிக்கிறன், ஆள் கதிரையில இருக்கிறா. அந்த எரிச்சல் இருக்குதே!

பேந்து ஓல்போர்க்கில நிப்பாட்டித் தேத்தண்ணி குடிச்சம். நான் குடிச்சனான். பிறகு உந்தப் போன் காட்டின குறுக்கு வழி. முதல் கொஞ்சம் பரவாயில்லை, கிறவல் கல்லுத்தான். பிறகு மழை அரிச்ச கிடங்கு, கிடங்குக்குப் பிறகு மணல், மணலுக்கு நடுவில வேர். பின்னால கடகட எண்டு சத்தம், கண்ணாடியில பாக்கிறன், குழம்புச் சட்டி மூடி கதவிடுக்கால ஓடிப்போகுது. பிறகு ஒரு டமார்.

எப்பிடி மாறினவ எண்டோ. அது மூண்டு வருசக் கதை. எங்கட ஊர்க் கோயில்ல திருவிழா, நான் பிளேன் ஏறிப் போனனான். காப்பும் கட்டினன். உமக்குத் தெரியும்தானே, காப்புக் கட்டினா அவிழ்க்குமட்டும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. கட்டி மூண்டாம் நாள் இஞ்ச அவவுக்கு வயித்துக்குள்ள கட்டி எண்டு உடனை ஒப்பரேசன். போன்ல வாங்கோ எண்டு சொன்னவ. ஒரு தரம்தான் சொன்னவ. காப்பை எப்பிடி நான் இடையில கழட்டிறது? ஊர் என்ன சொல்லும்? தெய்வக் குற்றம் வேற. இன்னும் பன்னிரண்டு நாள்தானே, ஓடி வந்திடுவன் எண்டன்.

அவவோட வயோதிபர் இல்லத்தில வேலை செய்யிற கிறேஸ் எண்டு ஒரு பிள்ளை. சபை ஆள். பன்னிரண்டு நாளும் வேலை முடிய வந்து, கஞ்சி காய்ச்சிக் குடுத்து, தலை இழுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில கதிரை போட்டுப் படுத்தவளாம். ஒரு வசனம் வேதம் கதைக்கேல்லையாம், யோகம்தான் சொன்னவ. எங்கட கோயில் ஆக்களோ? அண்ணை ஊரால வந்தாப்பிறகு பாக்க வாறம் எண்டவையாம். நான் பிரசாதத்தோட வந்து இறங்கிறன், அவ எழும்பி நடக்கிறா. நெத்தியில திருநீறு பூசிவிட்டன். பூசட்டும் எண்டு நிண்டா. அவ்வளவுதான். பிறகு மெல்ல மெல்ல ஞாயிற்றுக்கிழமையில வீட்டில ஆள் இல்லை.

நான் சண்டை பிடிச்சனான் தம்பி. கத்தினனான், சட்டியைப் போட்டு உடைச்சனான், ஒரு மாதம் கதைக்காமலும் இருந்து பாத்தனான். அவவிட்டை இருந்து தேத்தண்ணி நேரத்துக்கு வருது, உடுப்பு மடிச்சு வருது. கோயில்ல என்னைப் பாத்துக் கேக்கினம், அக்காவைக் காணேல்லை எண்டு. முழங்கால் வருத்தம் எண்டு சொல்லுவன். மூண்டு வருசமா முழங்கால் வருத்தம்.

என்ன பாக்கிறீர் போன்ல? உம்மடதில இந்தப் பாதையே காட்டேல்லையோ? நேர பெரிய ரோட்டாலதான் விடுகுதோ?

ம்.

என்ர போனும் அப்பிடித்தான் சொன்னது. நேர போ எண்டுதான் சொன்னது. நான்தான் திருப்பினனான். இந்தப் பாதை வாசல்ல போர்ட் நிண்டது, கறவான் றெயிலரைக் கீறிக் குறுக்கால சிவப்புக் கோடு போட்டு. வடிவாக் கண்டனான். உடைக்கவேணும் எண்டு நினைக்கேல்லை, சத்தியமா. ஒரு மணித்தியாலம் சுணங்கினாக் காணும், அவையள் தண்ணிக்குள்ள இறங்கி ஏறியிருப்பினம், அடுத்த வருசம் பாப்பம் எண்டு ஆகிடும் எண்டு ஒரு நினைப்பு. அடுத்த வருசம் என்ன நடக்குமோ ஆருக்குத் தெரியும்.

அவ போர்ட்டையும் பாத்தா, என்னையும் பாத்தா. சில்லு உடைஞ்சாப்பிறகு கால் மணித்தியாலம் உள்ளுக்கையே இருந்தா. பிறகு பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடக்கத் தொடங்கிற்றா. கடல் இன்னும் ஆறு கிலோமீற்றர். அவ வெளிக்கிட்டு முக்கால் மணித்தியாலமாகுது. முழங்காலில உண்மையா நோவும் இருக்கு, அந்த நடைக்கு மூண்டு மணிக்குப் போய்ச்சேரமாட்டா. நீர் இந்தப் பக்கமாத்தானே போறீர்? போற வழியில காணுவீர், பச்சைச் சீலை, கையில பை. ஏத்திக்கொண்டுபோய் கடக்கரையில விடும். தமிழ்க் காரெண்டா ஏறுவா. பொறும், இந்தத் துவாயையும் கொண்டுபோம், விட்டிட்டுப் போட்டா. ஆடியிலயும் அந்தத் தண்ணி ஐஸ். காரில கிடந்தது எண்டு சொல்லும், நான் தந்தது எண்டு சொல்லவேண்டாம்.

இல்லைத் தம்பி, நான் போகலாம்தான், கார் கழட்டித்தானே நிக்குது. போனனான். பின்னாலயே போய், பக்கத்தில மெல்ல மெல்ல ஓட்டி, எட்டிக் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு, ஏறு யோகம், கொண்டுபோய் விடுறன், உண்மையாக் கொண்டுபோய் விடுறன் எண்டனான். அவ ரோட்டுக்கு மற்றப் பக்கம் மாறி நடந்தா.